மன்னிக்கவும், இன்னும் இல்லை

அன்புள்ள தம்பி தர்மாஜிக்கு,

ஸெமாராங்கிலிருந்து அண்ணன் விர்யவான் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அண்ணி, மகள் ராத்ரி மூவரும் சுகம். பாலிக்பாப்பனில் நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் கடை வாணலிக்குப் போகும் கெளுத்தி மீன்களுக்காக வேண்டிக்கொள்வதில் பயனில்லை.

உன் கடைக்கு ராத்ரி ஓர் இணையதளம் செய்து தருவாளா, அதுவும் அன்புக்காக மட்டும், என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் "இன்னும் நேரம் வரவில்லை" என்று எழுதினேன். இந்தத் தடவை நேராகவே பதில் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உன் அண்ணன் மகள் செய்திருக்கும் காரியத்தைக் கேள்.

போன மாதம் என் கண்ணில் பூச்சி பறந்தது. மருத்துவமனையின் இணையதளத்தில் கண் டாக்டரிடம் நேரம் கேட்டுப் பொத்தானை அழுத்தினேன். "மன்னிக்கவும், இன்னும் இல்லை" என்று வந்தது. அது மரியாதையான பதில்தானே, நேராக 'இல்லை' என்று சொல்ல இங்கே யாருக்கு வாய் வரும்? எதிர்வீட்டு ஸுபார்த்தி அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் இன்றைக்கும் "இன்னும் இல்லை" என்றுதான் சொல்கிறாள். அதனால் மறுநாளும் அழுத்தினேன், அதற்கு மறுநாளும் அழுத்தினேன், ஆறு நாளில் பதினோரு தடவை. கடைசியில் நேரில் போய் நின்றால் வாசல் காவலர் சிரிச்சுக்கிட்டே சொல்றார், "அந்த டாக்டர் சுரபாயாவுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சுங்களே!" வீட்டுக்கு வந்து, "எந்த மடையன் கட்டின தளம்டி இது?" என்று கத்தினேன். ராத்ரி தலையே நிமிரவில்லை. "எங்க ஆபீஸ்தான்ப்பா."

விஷயம் இதுதான். அவர்கள் கட்டும் எல்லாத் தளங்களுக்கும் அடியில் ஒரே சட்டகம் கிடக்கிறது, ஃபிரேம்வொர்க் என்பார்கள். காரியம் எங்கே தவறினாலும் உள்ளேயிருந்து ஒரு சீட்டை மேலே தூக்கி வீச வேண்டும், அதற்கு எக்ஸெப்ஷன் என்று பெயர். ஆளுக்கொரு பகுதியை எழுதினவர்கள் ஆளுக்கொரு சீட்டை வீசினார்கள். தேடினது இல்லை என்றால் ஒருத்தன் 'பொதுப் பிழை' என்றான், இன்னொருத்தன் 'தவறான மதிப்பு' என்றான், மூன்றாமவன் சங்கோஜப்பட்டு வெறும் காகிதத்தை வீசினான். மேலே நின்று பிடிப்பவன் ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றையும் ஒரே மன்னிப்பில் சுருட்டிவிட்டான். எனக்கு நெஞ்சு கொதிச்சுது, தம்பி! முப்பத்தோரு வருஷம் தபாலாபீஸில் திரும்பிவரும் கடிதங்களோடு குப்பை கொட்டினவன் நான். ஆள் இல்லை, வீடு மாறினார், வாங்க மறுத்தார், முகவரி தெளிவில்லை. நாலே முத்திரை, எந்த ஊரில் குத்தினாலும் அதே நாலு. அலமாரியிலிருந்து அவற்றை எடுத்து அவள் மேசைமேல் வைத்தேன். "இதைத்தான்ப்பா ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். ஹர்யோத்தோ ஐயா காதிலயே வாங்க மாட்டேங்கறார். இந்தத் தடவையும் நடக்கலேன்னா வேலையை விட்டுடுவேன்" என்றாள். ஹர்யோத்தோ அந்தச் சட்டகத்தை முதன்முதலில் எழுதிய பெரியவர். சமையலறையில் உன் அண்ணி கரண்டியைக் கீழே போட்டாள்.

ஆபீஸ் கூட்டத்தில் ராத்ரி நாலு வகை சொன்னாள். தேடினது இல்லை, உனக்கு அனுமதி இல்லை, நீ கொடுத்தது சரியில்லை, தப்பு எங்களுடையது. எந்த மூலையிலிருந்து வீசினாலும் இந்த நாலில் ஒன்றுதான். நாலுக்கும் மேலே ஒரே தாய்ச்சீட்டு, அதனால் ஒரே இடத்தில் நின்று பிடித்துவிடலாம். பெரியவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "இதுவரைக்கும் யாரும் குறை சொல்லலியேம்மா" என்றாராம். "எங்கப்பா சொன்னாரு, ஐயா" என்று பதிவுகளைத் திறந்து காட்டியிருக்கிறாள். பதினோரு தடவை என் பெயர், பதினோரு தடவையும் 'பொதுப் பிழை'. தோண்டிப் பார்த்தால் ஆறு தடவை டாக்டர் இல்லை, ரெண்டு தடவை நான் அட்டை எண்ணைத் தப்பா அடிச்சது, மூணு தடவை அவங்க இயந்திரமே படுத்துக்கிட்டது. பெரியவர் "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். ராத்ரி வீட்டுக்கு வந்து ராஜினாமா எழுத உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அந்த ராஜினாமாவைக் கையில் வைத்திருக்கும்போதே பெரியவர் அவள் மேசைக்கு வந்தாராம். "தப்பு எங்களுடையதுன்னு நாமளே போட்டுக்கணுமா? கொஞ்சம் பதமாச் சொல்ல முடியாதா?" "முடியாது, ஐயா." என் மகள், தம்பி! ஜாவாவில் பிறந்து வளர்ந்தவள், பெரியவர் முகத்துக்கு நேரே முடியாதுன்னாள்! அவரும் "சரி, நீயே மாத்து"ன்னு சொல்லிட்டாராம். மூன்றே வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு இடங்களை மாற்றிவிட்டாள். இப்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் "இந்த டாக்டர் இங்கே இல்லை" என்று வருகிறது. தினம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன். பெருமையில் கண் நிறைந்துவிடுகிறது, பூச்சி வேறு இன்னும் பறக்கிறது.

ஆகவே உன் கேள்விக்கு என் நேரான பதில்: முடியாது. வகை: அனுமதி இல்லை. இப்படிப்பட்ட பெண்ணை மீன் கடைக்கு இனாமாக வேலை செய்யச் சொல்ல எனக்கே அனுமதி இல்லை. ராத்ரி மாதிரி நானும் உடைத்துச் சொல்லிவிட்டேன், மனம் லேசாகிவிட்டது.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. விங்க்கோ தேங்காய்ப் பலகாரம் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்,
விர்யவான்

பி.கு.: தபாலில் போடுமுன் ராத்ரிக்குப் படித்துக் காட்டினேன். உனக்குச் சொன்ன 'முடியாது' வந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. "ஐயோ, சித்தப்பா மனசு நோகும்ப்பா. இன்னும் நேரம் வரலன்னு எழுதிடுங்க" என்றாள். "அது நாலுல எந்த வகைம்மா?" என்று கேட்டேன். "பார்க்கலாம்ப்பா" என்று எழுந்து போய்விட்டாள். ஆகவே தம்பி, மேலே உள்ள பதிலை நீயே கோடு போட்டு அடித்துவிடு. மன்னிக்கவும், இன்னும் இல்லை.