மேனேஜர் நாற்காலியும் என் மெக்கானிக்கல் படிப்பும்

மருத்துவம் படிக்கப் போகிறவளிடம் கல்லூரி திறக்கும் முன்பே யாரும் வந்து வயிற்று வலிக்கு மருந்து கேட்பதில்லை. மெக்கானிக்கல் என்று சொன்னால் மட்டும் மறுநாளே ஓடாத மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கவுன்சிலிங்கில் எனக்கு மெக்கானிக்கல் சீட் கிடைத்த வாரம், நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று மின்விசிறிகள், ஒரு மிக்சி. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, "பேரிங் போயிருச்சு" என்பேன். (எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். மிக்சிக்குள் பேரிங் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. வங்கிக் கடன் கிடைத்தால் நான் கல்லூரிக்குப் போவேன். கிடைக்காவிட்டால் அம்மாவோடு போவேன். இதற்கு நடுவே மாமா வந்து, "கம்ப்யூட்டர் எடுத்திருந்தாலாச்சும் ஏசியில உக்காரலாம். பொம்பளப்பிள்ள ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு எங்கன போவா?" என்று கேட்டுவிட்டு, அம்மா தந்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாலு வருசம் படிச்சு முடிச்சா, மாசம் எம்புட்டு வரும் ஆத்தா?"

எனக்கு எப்படித் தெரியும்? "முப்பதாயிரம்ப்பா" என்றேன். அப்பா நம்பிவிட்டார். அதைவிடக் கொடுமை, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் கடன் பாரத்திலும் அதையே எழுதினேன். அப்பா ஒருநாள் லீவு போட, சிவகாசியில் வங்கி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் பாரத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"முப்பதாயிரமா? யாரும்மா சொன்னாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், "பிள்ளையே விசாரிச்சிருக்கு சார்" என்றார் அப்பா, பெருமையாக.

"எந்தக் கம்பெனியில விசாரிச்சே?"

மேஜை மேலிருந்த காலண்டரில் ஏதாவது கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் பின்னால் சாய, நாற்காலி கிறீச்சென்று கத்திக்கொண்டு ஆடியது. "ரெண்டு மாசமா இப்படித்தான், சனியன்" என்றார்.

கடவுளே வழி திறந்துவிட்டார் என்று நினைத்தேன். "பேரிங் போயிருக்கும் சார்."

அதோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. "எம்மக மெக்கானிக்கல் சார்! ஒரு நிமிசம் எந்திரிச்சீகன்னா பாத்துரும்."

மேனேஜர் என்ன நினைத்தாரோ, எழுந்துவிட்டார். நான் நாற்காலிக்கு அடியில் தலையை விட்டேன். பெரிய திருகு ஒன்று இருந்தது. இறுக்கினால் ஆட்டம் நிற்கும் என்பது வரை சரியாகவே யோசித்தேன். ஆனால் கீழிருந்து பார்த்தால் திசை மாறிவிடும் என்று கணக்குப் போட்டு, எதிர்ப்பக்கம் திருகினேன். (திருகின் தலையைப் பார்த்துத் திருகினால் திசை மாறாது. அதையெல்லாம் சேர்ந்த பிறகுதானே சொல்லித்தருவார்கள்!)

"இப்ப உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். நாற்காலி அவரை அப்படியே பின்பக்கமாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. இரண்டு கால்களும் மேலே வந்தன. முழங்கால் இடித்ததில் மேஜை மேலிருந்த தேநீர் என் பாரத்தில் கொட்டியது. கேஷியர் நோட்டு எண்ணுவதை நிறுத்தினார். வாசலில் இருந்த துப்பாக்கிக்காரர் உள்ளே ஓடிவந்து, யாரை முறைப்பது என்று தெரியாமல் அப்பாவை முறைத்தார்.

நான் அழுதுவிட்டேன். அப்பாவும் கேஷியரும் தூக்கிவிட, மேனேஜர் எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேரிங்னு சொன்னியே?"

"எனக்குத் தெரியாது சார்."

"முப்பதாயிரம்?"

"அதுவும் தெரியாது சார். நானாச் சொன்னேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, நானே அந்த நாற்காலியிலிருந்து விழுந்திருக்கலாம்.

மேனேஜர் நின்றுகொண்டே பேசினார். (உட்கார அவருக்கு மனம் வரவில்லை.) "ஆரம்பத்துல பத்தாயிரம் கெடைச்சாலே அதிகம்மா. வேற பாரம் எடுத்து, உள்ளதை எழுதிக்கொண்டா. பார்க்கலாம்."

பஸ் ஸ்டாண்டு வரை அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எனக்கு ஏற்கெனவே தீக்குச்சி வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார். "பத்தாயிரம்னா, கடன் அடைய எம்புட்டு வருசம் ஆகும்?"

டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். "எட்டு வருசம்ப்பா. வேலை கெடைச்சா."

அப்பா நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளி மருந்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "இருவத்திரெண்டு வருசமா மருந்து அடைக்கேன். இது என்னைக்கு முடியும்னு எவனும் எங்கிட்டச் சொன்னதில்ல. எட்டுல முடியும்னா, படி ஆத்தா."

மறுநாள் தெருவில், "முப்பதாயிரம்னு சொன்னது மூணு மாசத்துக்கு" என்று அவரே திருத்திவிட்டார்.

கடன் கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் எட்டாயிரத்துக்குச் சேர்ந்தேன். எட்டு வருடக் கணக்கு ஒன்பதரை வருடமானது. அது முடிந்த பிறகுதான் கல்யாணம். வரவேற்பு மேடையில் நாற்காலியில் உட்காரப் போன மாப்பிள்ளையை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து நாற்காலியின் அடியைப் பார்த்தார். இரண்டு தரம் அமுக்கினார். பிறகு மண்டபமே கேட்கச் சொன்னார்:

"தைரியமா உக்காருங்க மாப்ள. இத எம்மக தொடல."