டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக், ஒரு கேன் பெட்ரோல்

"...ரெண்டு மடங்கு பவருனு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே, அதுல கால்வாசி கூடவா மிச்சமில்ல?" என்றாள் என் மனைவி செல்வி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. நான் படகில், செத்துப்போன எஞ்சின் பக்கத்தில், அதைவிடச் செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எல்லைக் கம்பம் நாலு படகு நீளத்தில்தான் இருந்தது.

விஷயம் தெரியாதவன் சொதப்பினால் ஊர் விட்டுவிடும். தெரிந்த மாதிரி பேசிவிட்டுச் சொதப்புகிறவனை விடாது. நான் இரண்டாவது ரகம். பழவேற்காட்டில் எஞ்சின் ரிப்பேர் ஷெட் போட்ட புதிது. எனக்கு வாத்தியார் செல்போன்தான். ரேஸ் பைக் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, ஏரிக்குப் போகிறவர்களை நிறுத்திப் பாடம் எடுப்பேன். "டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் ஒருவாட்டி மேல போயி கீழ வந்தா ஒரு வெடி. ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டுவாட்டி போயி வந்தாத்தான் ஒரு வெடி. ஒரே சைஸுன்னா ரெண்டுல எதுக்கு பவரு ஜாஸ்தி? நீயே சொல்லு!" (சரியாக இரண்டு மடங்கெல்லாம் வராது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு வெளியே போய்விடும். அந்த வீடியோவை நான் அப்போது பார்த்திருக்கவில்லை.)

செல்வியின் அண்ணன், என் மச்சான், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்த்தான். என்னையும் அங்கே சேர்த்துவிடத் துடித்தான். அவன் படகுக்குப் புது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினான். என் பழைய டூ ஸ்ட்ரோக்கும் அதே சைஸ்.

"காணும் பொங்கலுக்கு உட்டுப் பாக்கலாமா மச்சான்? தோத்தா ஷெட்டை மூடிட்டு எங்கூட வேலைக்கு வந்துரணும்" என்றான்.

"ஜெயிச்சா?"

"ஷெட்டைப் பத்தி அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

எந்தப் படகு முதலில் கம்பத்தைத் தொடுகிறதோ அது ஜெயித்தது என்று பேச்சு. அதோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருந்த நீதிபதி விடவில்லை. "நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. ரெண்டு டேங்க்கையும் காலி பண்ணு. ஒரே கேன்லருந்து ரெண்டுக்கும் சமமா ஊத்தலாம்!" மச்சானின் கேனை வாங்கி என் கையாலேயே ஊற்றினேன். கரையில் கைதட்டல் வேறு.

(டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வெறும் பெட்ரோல் போதும், டூ ஸ்ட்ரோக்குக்கு அதோடு ஆயிலும் கலக்க வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் காய்ந்துபோய் இறுகிவிடும். இதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்.)

ஆனாலும் ஓடிய வரைக்கும் என் எஞ்சின் ஓடியது பாருங்கள்! மச்சான் பின்னால் நீர்க்காகம் அளவுக்குச் சிறுத்துப்போனான். நான் எழுந்து நின்று கையாட்டினேன். அப்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லை. தூரத்தில் மச்சானின் 'டுபுடுபு' மட்டும் நெருங்கி வந்தது. அந்த நேரத்தில்தான், கம்பத்துப் பக்கம் தண்ணீரில் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செல்வி அப்படிக் கேட்டாள்.

ஷெட் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. எந்த எஞ்சின் வந்தாலும் மச்சான் எட்டிப் பார்த்து, "இது எத்தினி செல்வி பவரு?" என்பான். என் பிள்ளைகளும் அப்படியே கேட்கும். எங்கள் வீட்டில் குதிரை சக்தி செல்லாது. எனக்கு அதில் வெட்கம் இல்லை, பெருமைதான். ஏனென்றால் அன்றைக்கு அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தினமும் அந்த ஏரிச் சேற்றில் நடந்து கையால் இறால் பிடிக்கிறவள். படகின் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டாள், என்னையும் எஞ்சினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "ஏய், இது செல்லாது!" என்று பின்னால் மச்சான் கத்தினான். "படகு தொட்டா போதும்னுதானண்ணே பேச்சு?" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, படகின் மூக்கைக் கம்பத்தில் 'டொக்'கென்று முட்டவிட்டாள்.