புது பிளேடும் பழைய புருஷனும்

அன்னிக்குக் காலைல பல்லு விளக்கும்போதே நம்ம மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. இன்னியிலேருந்து பட்டறைக்குள்ள பொண்டாட்டி பேச்சைக் கேக்கறதில்ல! நுரையைத் துப்பினாரு. கண்ணாடியில மீசையை ஒரு முறுக்கு முறுக்கினாரு. "கேக்கறதில்ல"ன்னு இன்னொரு தடவை சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அடுப்படி பக்கத்துலதானே இருக்கு.

மாஸ்டர்னா ஏதோ பெரிய கம்பெனி ஆளுன்னு நினைச்சுடாதீங்க. வீட்டுக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ள ஒரே ஒரு பேண்ட்சா மிஷின். ரெண்டு சக்கரத்துல ரம்பப் பிளேடு வளையமா சுத்தும். சக்கரமும் பிளேடும் சேந்த அந்தத் தலை அப்படியே கீழ இறங்கி, கிடுக்குல மாட்டியிருக்கிற இரும்பு உருளையை அறுக்கும். அமைதியா அறுக்கணும். மாஸ்டர் கையில மட்டும் அது ஊரைக் கூட்டும்.

ஏன்னா மனுஷனுக்குப் பொறுமைங்கிறதே கிடையாது. டீயை ஆத்தாம வாயில ஊத்திட்டு ஆட்டம் போடுற ஆளு. புது பிளேடை மாட்டின கையோட, தலை இறங்குற வேகத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் திறந்து விட்டுடுவாரு. அது வீல்னு அலறும். பல்லு உதிரும். அறுப்பு கோணும். சுவத்து ஆணியில செத்த பிளேடுங்க மாலை மாலையா தொங்குது.

அவர் சம்சாரம் இருக்காங்களே, அவங்க நிக்கிறது அடுப்படியில, காது கிடக்குறது பட்டறையில. கரண்டியும் கையுமா ஓடி வருவாங்க.

"என்னங்க! பல்லு போகுது!"

"யாரு பல்லு?"

"உங்க பல்லுன்னா போகட்டும்னு விட்டிருப்பேன். பிளேடு பல்லு!"

இப்படியே போச்சு. முந்தின நாள் பக்கத்து லேத்துக்காரர் வந்து, "மாப்ளே, நாளைக்குக் கொஞ்சம் இரும்புத் தண்டு அனுப்புறேன். நேரா அறுத்துக் குடு. நல்லா வந்துச்சுன்னா எங்க பட்டறை அறுப்பு வேலை பூரா இனிமே உனக்குத்தான். கோணிச்சுன்னா கேக்காதே"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்பவும் சம்சாரம்தான் முந்திக்கிட்டாங்க. "கவலைப்படாதீங்கண்ணே, நான் பாத்துக்கறேன்." நான்! மாஸ்டருக்கு அந்த "நான்" தொண்டையில மாட்டிக்கிச்சு. இறங்கவே இல்ல.

அதான் அந்தக் காலைல முடிவு. தண்டு வந்து இறங்கியாச்சு. புது பிளேடும் பெட்டியில ரெடி. மாஸ்டர் நெஞ்சை நிமித்திக்கிட்டு அடுப்படிக்குப் போனாரு.

"இந்தாம்மா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க. முதல்ல அந்த மூடியை எடுத்துக் குடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்துக் குடுத்துட்டுச் சொன்னாரு. "இன்னிக்கு அறுப்பு முழுக்க என் இஷ்டம். நீ உள்ள வரக் கூடாது."

"வரல. ஆனா புதுப் பல்லு ஊசி மாதிரி கூரா இருக்கும். எடுத்த எடுப்புல அமுக்கினா நுனி ஒடிஞ்சுடும். முதல் ரெண்டு மூணு அறுப்பு பாதி அழுத்தத்துல ஓட்டிப் பழக்குங்க. பிளேடு விக்கிறவர் அன்னிக்கு எவ்வளவு தெளிவாச் சொன்னாரு!"

"ஓகோ! பழக்கணுமா?" மாஸ்டர் சம்சாரம் குரல்லயே இழுத்தாரு. கையில இல்லாத குழந்தையை ஆட்டிக் காட்டினாரு. "ஆராரோ ஆரிரரோ, அறுக்கலாமா கண்ணு? பசிக்குதா கண்ணு? இப்படித் தாலாட்டணுமா? அடியே, அது இரும்பு! ஓடினாத்தான் அதுக்கு மரியாதை."

"சரி, ஒடியட்டும்."

"ஓடட்டும்னு சொல்லு!"

"எதையோ ஒண்ணு. பந்தயம் என்ன?"

இங்கதான் மாஸ்டர் உஷாராகியிருக்கணும். ஆகல. "கடைசிக் கோடு வரைக்கும் திறந்து விடுறேன். பல்லு ஒண்ணு போகாம, கோணாம அறுத்துட்டேன்னா, அதுக்கப்புறம் நீ பட்டறைக்குள்ள காலே வைக்கக் கூடாது. எந்தக் காலத்துலயும்! நான் தோத்தா, நீ சொல்றபடிதான் மிஷின் ஓடும்."

"எந்தக் காலத்துலயுமா?"

"எந்தக் காலத்துலயும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா!"

சம்சாரம் கையைத் துடைச்சுக்கிட்டு ஒப்புக்கிட்டாங்க. அவ்வளவு சுலபமா அவங்க எதையும் ஒப்புக்கிட்டதா சரித்திரமே கிடையாது.

மாஸ்டர் பட்டறைக் கதவைச் சாத்திக்கிட்டாரு. பெட்டியைப் பிரிச்சாரு. பேண்ட்சா பிளேடு மூணு வளையமா மடிஞ்சு, கம்பி கட்டி, ரொம்ப சாதுவா வரும். அந்தக் கம்பியை வெட்டினாத்தான் அதோட சுயரூபம் தெரியும். மாஸ்டர் கையுறையும் போடல, முகத்தையும் திருப்பல. டக்குனு வெட்டினாரு. டொய்ங்! பிளேடு துள்ளிச்சு, விரிஞ்சுது, தலைவழியா இறங்கிச்சு. இப்ப மாஸ்டர் நடுவுல, பிளேடு சுத்தி. சட்டைப் பாக்கெட்டைப் பல்லு கவ்விக்கிச்சு.

வெளியேருந்து குரல். "என்னங்க, சத்தம்?"

"ஒண்ணுமில்ல! பிளேடைப் பிரிச்சேன்!"

"கையுறை போட்டீங்களா?"

"ஓ, அப்பவே!"ன்னு சொல்லிக்கிட்டே காலால கையுறையைத் தேடினாரு. பாக்கெட்டைத் தியாகம் பண்ணித்தான் வெளிய வந்தாரு. பிளேடை மாட்டினாரு, முறுக்கேத்தினாரு, தண்டைக் கிடுக்குல இறுக்கினாரு, பிளேடு சூடாகாம இருக்க கூலண்டுத் தண்ணியைத் திறந்து விட்டாரு. தலை இறங்குற வேகத்தை வைக்கிற இறக்கத் திருகைப் பிடிச்சாரு. அம்புக்குறி கடைசிக் கோட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரே திருகு! கண்ணை இறுக்க மூடிக்கிட்டு பட்டனை அமுக்கினாரு.

வீல்னு அலறும்னு காத்திருந்தாரு. அலறல.

ஒரு கண்ணைத் திறந்தாரு. பிளேடு ரீங்காரம் போடுது. தலை ஆடி அசைஞ்சு, மாமியார் வீட்டுக்குப் போற மருமகன் மாதிரி இறங்குது. இரும்புத் தூள் சுருள் சுருளா, முடி திருத்துற கடையில முடி விழற மாதிரி விழுது. 'கடைசிக் கோட்டுல வச்சும் மெதுவாத்தான் இறங்குது'ன்னு ஒரு நொடி தோணிச்சு. உடனே காரணமும் தோணிடுச்சு. 'இரும்பு அவ்வளவு கெட்டி! நம்ம பிளேடு அதைக் கூட அசராம அறுக்குது! எல்லாம் பக்கத்துல அவ நிக்காத ராசி.'

ஒவ்வொரு துண்டா விழ விழ மாஸ்டர் பாட்டே பாட ஆரம்பிச்சுட்டாரு. கூலண்டு குழாய் பயந்து போய்க் கொஞ்சம் கம்மியாத் தண்ணி விட்டிருக்கும், அப்படி ஒரு குரல்.

சாயங்காலம் லேத்துக்காரர் வந்தாரு. துண்டுங்க மேல மூலைமட்டத்தை வச்சு வச்சுப் பாத்தாரு. வெளிச்சம் புகக் கூட இடமில்ல. வெட்டு முகத்தைத் தடவிப் பாத்தாரு. பிளேடு பல்லை ஒவ்வொண்ணா உத்துப் பாத்தாரு.

"மாப்ளே, இது நீ அறுத்ததா?"

"பின்ன யாரு? கடைசிக் கோட்டுல வச்சு!"

"பிரமாதம்! இனிமே எங்க அறுப்பு பூரா உனக்குத்தான்."

மாஸ்டர் தகரமே அதிருற மாதிரி கூப்பிட்டாரு. "அடியே! வந்து பாரு! ஜெயிச்சுட்டேன்!"

சம்சாரம் வந்தாங்க. வாசப்படிக்கு இந்தப் பக்கமே நின்னாங்க. கால் பெருவிரல் கூட உள்ள நீளல. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

"ஜெயிச்சுட்டீங்களா? ரொம்ப நல்லது."

லேத்துக்காரர் கிளம்புறப்ப திரும்பினாரு. "தங்கச்சி, காலைல ஒரு சின்ன ஆலன் சாவி வாங்கிட்டுப் போனியே, வேலை முடிஞ்சுடுச்சா?"

"முடிஞ்சுதுண்ணே. இந்தாங்க."

மாஸ்டர் மீசை முறுக்கறதை நிறுத்தினாரு. லேத்துக்காரர் தெருமுனை தாண்டுற வரைக்கும் பொறுத்தாரு. "உனக்கு எதுக்குடி ஆலன் சாவி?"

"அந்த இறக்கத் திருகுல ஒரு பொடி ஸ்குரூ இருக்குல்ல? நீங்க பல்லு விளக்கிட்டுக் குளிக்கப் போனப்ப அதைத் தளர்த்தி, அம்புக்குறி போட்ட குமிழை மட்டும் கொஞ்சம் திருப்பி மாட்டினேன். நீங்க பாத்த கடைசிக் கோடு, நிஜத்துல பாதிக் கோடு."

"குளிக்கிறப்பவா? நான் முடிவு எடுத்ததே அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே!"

"கண்ணாடிகிட்ட சொன்னீங்களே. எனக்குக் கேட்டுச்சு."

மாஸ்டர் கிடுக்கு மேலயே உக்காந்துட்டாரு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. லேத்துக்காரர் வேலை கிடைச்சாச்சு, பிளேடு பல்லும் முழுசா இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? சமாதானமா எழுந்தாரு.

"சரிம்மா, நீயே ஜெயிச்சே. பந்தயத்தை விடு. உள்ள வா."

"அய்யோ, அது எப்படி? பல்லு போகல, கோணல, நீங்கதான் ஜெயிச்சீங்க. எந்தக் காலத்துலயும் காலே வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு?" சம்சாரம் ஒரு நாற்காலியை வெளிய இழுத்துப் போட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்தாங்க. "பிளேடு பழகிடுச்சு, நாளைக்குக் குமிழைச் சரியா மாட்டிக்கோங்க. இப்ப பிளேடு முறுக்கைத் தளர்த்தி விடுங்க, ராத்திரி பூரா இழுத்துக்கிட்டு நிக்கக் கூடாது. சக்கரத்துல ஒட்டியிருக்கிற தூளை பிரஷ்ஷால தட்டுங்க. அப்புறம் அந்தக் கூலண்டு தொட்டி. அடியில சேறு மாதிரி இரும்புத் தூள் நிக்கும், நாத்தம் வேற. இவ்வளவு நாளா நான்தான் அள்ளிக்கிட்டு இருந்தேன், உங்களுக்குத் தெரியாது பாருங்க."

அப்படித்தான் நம்ம மாஸ்டர் அன்னிக்குச் சாயங்காலம் பட்டறைக்குத் தனி முதலாளி ஆயிட்டாரு. முழங்கை வரைக்கும் சேத்தோட.