சகலை வாசலில் ரோடு

சகலை தங்கச்சாமியின் பட்டாசுக் கம்பெனி வாசலை ஒட்டி விருதுநகர் போகும் புது ரோடு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து சங்கரபாண்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கும் பட்டாசுக் கம்பெனிதான். ஓடைக்கு இந்தப் பக்கம். சீசனில் லோடு ஏற்ற மாட்டு வண்டிதான் கதி.

"அவன் வாசல்ல லாரி வந்து நிக்கும். நான் மாட்டுக்கு வைக்கோல் போடணுமாக்கும்."

"என் தங்கச்சி வீட்டுக்காரரு நல்லா இருந்தா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் மனைவி சொர்ணலட்சுமி.

"எரியுதுதான். வயிறு என்னோடது."

மறுநாளே மனுவோடு எஞ்சினியர் ஆபீசுக்குப் போனார். உள்ளேயிருந்து தங்கச்சாமி வந்துகொண்டிருந்தார். சகலையைக் கண்டதும் கையிலிருந்த காகிதத்தைச் சட்டைப்பையில் சொருகினார்.

"சும்மா வந்தேன், அண்ணாச்சி."

சும்மா வருகிற மூஞ்சியா அது?

எஞ்சினியர் வரைபடத்தை விரித்தார். "இது பென்சில் கோடுதாங்க. நியாயமான காரணம் சொன்னா மாத்தலாம். மை போட்டுட்டா நானே நினைச்சாலும் முடியாது."

ஓடைக்கு இந்தப் பக்கம்தான் மேட்டுநிலம், வெள்ளம் வராது என்று சங்கரபாண்டியன் எழுதிக்கொடுத்தார். கோடு நகர்ந்தது. நகர்ந்து, நேராக ஓடைக்குள் விழுந்தது.

அடுத்த வாரம் போனால் தங்கச்சாமி மறுபடியும் அங்கே. சங்கரபாண்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறான், படுபாவி. கம்பெனிக்கு முன்னால் கிடந்த ஒரு ஏக்கரை ரோட்டுக்கு இனாமாகத் தருவதாகக் கையெழுத்துப் போட்டார். கோடு அவர் எல்லைக்கு வந்தது.

மூன்றாவது தடவை தங்கச்சாமி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் சங்கரபாண்டியன் வீட்டுக்கு ஓடிப்போய் மிச்ச நிலத்தின் பத்திரத்தையும் எடுத்தார்.

"அம்புட்டையும் குடுத்துட்டு என்ன செய்யப் போறீக?" என்றாள் சொர்ணலட்சுமி.

"ரோட்டுமேல நின்னு அவன் மூஞ்சியப் பாக்கப் போறேன்."

திரும்பி வந்து எஞ்சினியரிடம், "சுத்துச்சுவர இடிச்சுக்கோங்க. மருந்து ஷெட்டு ஓரமா வந்தாலும் சரி. ஆனா என் கண்ணு முன்னால இப்பவே மை போடுங்க" என்றார்.

"நல்லா யோசிச்சீங்களா? இன்னும் பத்து நாள் பென்சில்லயே வச்சிருக்கலாம்."

"பென்சிலே வேண்டாம் சார்."

எஞ்சினியர் பேனாவைத் திறந்தார். மை காயும்வரை சங்கரபாண்டியன் பக்கத்திலேயே நின்றார். பிறகு ஒரு பொட்டலம் சேவு வாங்கிவந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார்.

"என் சகலை வந்தா அவனுக்கும் ஒரு பிடி குடு," என்றார் பியூன் சோலைச்சாமியிடம்.

சோலைச்சாமி சேவை மென்றுகொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"மருந்து ஷெட்டுப் பக்கம் ரோடு வந்தா பட்டாசு லைசென்ஸ் போயிரும், எங்கனயாச்சும் தள்ளிப் போடுங்கன்னு அவுக மூணு தடவ மனு குடுத்துத் தொரத்தின ரோடு இது, பட்டாச விட்டுட்டு நீங்க என்ன யாவாரம் ஆரம்பிக்கப் போறீக, மொதலாளி?"