கொண்டைக்குள் ஒரு தோட்டா

அரைகுறையாகத் தெரிந்தவர்களால் ஊருக்கு ஆபத்து. முழுசாகத் தெரிந்தவர்களால் அவர்கள் குடும்பத்துக்கே ஆபத்து. கல்லூரி என்.சி.சி.யில் நான் முழுசாகத் தெரிந்துவைத்திருந்தது, எங்கள் ரைஃபிளுக்குப் போடும் பாயிண்ட் டூ டூ தோட்டாவைப் பற்றி.

துறையூர் சாலையில் சுடும் பயிற்சி. அன்று மாலையே ஸ்ரீரங்கத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். "லேட்டா வந்தா மண்டபத்துப் பக்கமே வராத" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள்.

ஹவில்தார் பெட்டியைப் பிரித்தார். தோட்டாக்கள் புளியங்கொட்டை மாதிரி குவிந்து கிடந்தன. என் தோழி ரெஹானா சுடுவதற்காகக் குப்புறப் படுத்தாள். அவளுக்கு உதவியாக வலப்பக்கம் படுத்த நான் (உதவி கேட்டது யார் என்று இன்றுவரை தெரியாது) உபன்யாசத்தை ஆரம்பித்தேன்.

"இதோட பூர்வீகம் தெரியுமாடி? பிரான்ஸ்ல பணக்காரங்க வீட்டு ஹால்லயே பொழுதுபோக்காச் சுடுறதுக்குச் செஞ்ச குட்டித் தோட்டா. அமெரிக்காக்காரங்க அதை நீட்டி, மருந்தைக் கூட்டி இப்படி ஆக்கிட்டாங்க. வெடிக்கிற ரசாயனம் அடி விளிம்புக்குள்ளயே இருக்கு. அதனால ஒரு தடவை சுட்டா, பித்தளைக் கூட்டைத் திரும்ப நிரப்ப முடியாது. விலையும் கம்மி. அதான் மொத்தமா வாங்குறாங்க."

"கொஞ்சம் வாயை மூடு, குறி தப்புது" என்று ரெஹானா ரைஃபிளின் போல்ட்டை வெடுக்கென்று இழுத்தாள்; சுட்ட காலிக் கூடு என் பக்கமாகத் தெறித்தது.

சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். கணக்கு சரியாகும்வரை ஒருவரும் நகர முடியாது. அன்று ஒன்று குறைந்தது.

தேடும் படைக்கு நானே தலைமை ஏற்றேன். எல்லாரையும் வரிசையாக மண்டிபோட வைத்துப் புல்லைத் துழாவச் சொன்னேன். காந்தம் வாங்கி வரலாமா என்று கேட்டவளுக்கு, பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்று தனி வகுப்பே எடுத்தேன். பொழுது சாயத் தொடங்கியதும் ஹவில்தார் மனமிரங்கி, என் பாக்கெட்டையும் ஷூவையும் சோதித்துவிட்டு, "வீட்டுல விசேஷம்ங்கிற, நீ மட்டும் கெளம்பும்மா" என்றார். என் தலையில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் புடவை மாற்ற மட்டுமே நேரமிருந்தது. என்.சி.சி. கொண்டையும் வலையும் அப்படியே இருந்தன. தாம்பூலம் மாற்றும் முன், மாப்பிள்ளையின் அம்மா பிரியமாக, "பொண்ணோட தங்கச்சிக்கும் பூ வைக்கணும்ல" என்று என் கொண்டையில் விரலை நுழைத்தார். ஏதோ தட்டுப்பட்டு வலையை இழுத்தார். வெற்றிலைத் தட்டில் 'டிங்' என்று விழுந்தது காலிக் கூடு.

"இது என்னம்மா?" என்றார் அந்த அம்மா. சபையே என்னைப் பார்த்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "பிரான்ஸ்ல பணக்காரங்க..." என்று ஆரம்பித்து, துறையூர் சாலையில் கூடு காணாமல் போனது வரை சொல்லி முடித்தேன்.

என் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன். மாப்பிள்ளைதான் கேட்டார்: "அப்ப மத்தவங்கள்லாம் இன்னும் தேடிக்கிட்டா இருக்காங்க?" தலையாட்டினேன். "பாவம்மா, சாப்பிடாமக்கூட இருப்பாங்க. தட்டை மாத்திருங்க, நான் காருல போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. காரில் ரெஹானாவுக்கும் மற்றவர்களுக்கும் இலைப் பொட்டலங்களும் போயின.

போன வருஷம் என் கல்யாணம். மாலையும் கையுமாக என்னவர் நின்றபோது, பின்னாலிருந்து அக்காவைக் கட்டிய மாமாவின் குரல் நிதானமாக வந்தது: "மாப்ளே, மொதல்ல கொண்டையைத் தட்டிப் பாத்துக்குங்க."

அவர் தட்டியும் பார்த்தார்.