தொம் அண்ணன் கட்டிய தியேட்டர்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் அவர் தட்டிப் பார்க்காத மரச்சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. கதவு, கட்டில், பீரோ, ஒருமுறை ஹவுஸ் ஓனர் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய ஊஞ்சல் பலகை. விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். "தொம்முனு பேசணும் நைனா. இது டொக்குனு பேசுது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார். அதனால் தொம் அண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. வீட்டுக்கு வந்தால் ஸ்பீக்கர் பெட்டி செய்கிற வேலை. வீட்டு முன்னறையையே சினிமா தியேட்டர் ஆக்கிவிடுவது என்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். டிவிக்கு இரண்டு பக்கமும் பெட்டி, பார்ப்பவர் முதுகுக்குப் பின்னால் பெட்டி, அடிவயிற்றைக் கலக்குவதற்கென்றே தனியாக ஒரு ராட்சசப் பெட்டி. எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும். "கடைப் பொட்டில உசுரு இல்ல நைனா."

நானும் என் மனைவி கமலியும் அடுத்த போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம். இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் பயம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

முதலில் அரிசி டிரம்மில் ஸ்பீக்கரைப் பொருத்தினார். கதாநாயகன் ஜலதோஷம் பிடித்தவன்போல் காதல் வசனம் பேசினான். அடுத்து சிமென்ட் குழாய். அதை உருட்டி வந்ததில் வாசற்படி உடைந்தது. கடைசியில் பிளைவுட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் பஞ்சு அடைக்க வேண்டும் என்று யாரோ சொல்லித் தொலைக்க, அவர் வீட்டுத் தலையணைகள் ஒவ்வொன்றாக இளைத்தன. அவர் மனைவி வசந்தா அண்ணி பழைய புடவையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். கமலி எங்கள் தலையணைகளை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு சனிக்கிழமை பகலில் ராட்சசப் பெட்டிக்குச் சோதனை. எங்கள் அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் தாமாகவே நடந்து வந்து விழுந்தன. தெருவில் யாரோ, "கம்பெனில பாய்லர் வெடிச்சிடுச்சிடீ!" என்று அலற, புருஷனை ஷிஃப்டுக்கு அனுப்பியிருந்த பெண்களெல்லாம் மெயின் ரோட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்தில் நான் நிற்பதைக்கூடக் கவனிக்காமல், என்னைத் தேடிக் கமலியும் ஓடினாள். எல்லோருக்கும் பின்னால், லுங்கியை மடித்துக் கட்டியபடி தொம் அண்ணன்.

"எதுவும் வெடிக்கலம்மா! அது நான்தான்! நான்தான்!"

அழுத கண்ணோடு திரும்பி வந்த பெண்கள் அவரைத் திட்டிய திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் மறு ஞாயிறு மதியம் அவர் படம் போடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அதே பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சின்ன அறையில் தெருவே அடைந்திருந்தது. ஜன்னல் கம்பியில்கூடத் தொங்கினார்கள். எனக்குப் படம் ஓடவில்லை. ஒயரில் புகை வருகிறதா, சுவரில் விரிசல் தெரிகிறதா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தொம் அண்ணன் என் தோளைத் தொட்டார். முகத்தில் ரத்தமில்லை.

"நைனா, உங்கண்ணி உன் ஊட்ல கீறாளா?"

போய்ப் பார்த்தோம். அங்கே இல்லை. தெருமுனை வரை போனோம். அங்கும் இல்லை.

"ஒருவாட்டி தியேட்டர் க்யூவுல கீழ வுழுந்துட்டா நைனா. ஏறி மிதிச்சிகினு போய்ட்டாங்க. அதுலர்ந்து கும்பலக் கண்டா ஒடம்பு ஒதறும். பஸ்ஸுகூட ஏற மாட்டா. அவளுக்கோசரந்தான் ஊட்லயே கட்னேன்."

"அப்புறம் எதுக்குண்ணே தெருவையே கூப்பிட்டீங்க?"

"நான் எங்க கூப்ட்டேன்? சத்தம் கூப்ட்டுச்சி."

வீட்டுப் பின்பக்கம்தான் பாக்கி. பின்கதவு வரை வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "நீ போய்ப் பாரு நைனா. அங்க கெணறு கீது. எனக்குக் காலு வர்ல."

எனக்கும் வரவில்லை. போனேன்.

வசந்தா அண்ணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். முந்தானையைச் சுருட்டி இறுகப் பிடித்திருந்தார். "ஒண்ணுமில்ல தம்பி. உள்ள மூச்சு முட்டிச்சி. அவராண்ட சொல்லாதே. ஆசையா கட்னாரு."

எனக்குப் பின்னால் தொம் அண்ணன் வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். "இரு, எல்லாரையும் தொரத்திட்டு வரேன்" என்று திரும்பினார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடுங்க. புள்ளைங்க சிரிக்கறது கேக்குதில்ல? இங்கயே குந்துங்க."

பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். உள்ளே குதிரைகள் ஓடின. கிணற்றடியில் எங்கள் காலடி மண் அதிர்ந்தது.

"இப்ப இன்னா நடக்குது?" என்று அண்ணி கேட்டார்.

"வில்லன் ஹீரோவத் தொரத்துறான்."

"மாட்டிக்குவானா?"

"மாட்ட மாட்டான். நான் டெஸ்ட் பண்ண அத்தினிவாட்டியும் தப்பிச்சிட்டான்."

அண்ணி சிரித்துவிட்டார். நான் உள்ளே வந்து பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். யாரும் அந்தப் பக்கம் போய்விடாதபடி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தேன்.