மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த மெயில் புரோகிராம்

நெருப்பெரிச்சல்,
செவ்வாய்க்கிழமை.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை பிரபாகர் அவர்களுக்கு, மாமனார் அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் சித்ரகலாவும் நலமாக இருக்க வேண்டியது. மெயில் மேல் நம்பிக்கை போய்விட்டதால் கூரியரில் அனுப்புகிறேன்.

நம்ம பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர் பார்க்கற அனிதா, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டுப் போச்சு, எனக்கோ இங்கிலீஷ் எட்டிக்காய். அதனால நீங்க வந்திருந்தப்ப, புதுசா வர்ற மெயிலைத் தானே எடுத்துத் தமிழ்ல படிச்சுச் சொல்ற புரோகிராம் ஒண்ணு எழுதிக் கொடுத்தீங்க. தங்கமான மனசுங்க உங்களுக்கு. குத்தம் சொல்லலீங்க, மாப்பிள்ளையைக் குத்தம் சொல்ற குடும்பமா நம்முது? ஆனா ஒன்பது நாளா, காலையில ஒன்பது மணியானா, "புது மெயில் எதுவும் இல்லை"ன்னு ஸ்பீக்கர்ல சொல்லிட்டுப் படுத்துக்குதுங்க. கொழந்தைங்க பனியன் நாலாயிரம் பீஸுக்குப் பச்சைக் கலர் சாம்பிள் அனுப்பியிருக்கோம். ஆர்டர் குடுத்த வெளிநாட்டுப் பையர் ஓகே சொல்லாம துணியைச் சாயத்துக்குப் போட முடியாது. இருவத்திரண்டு டெய்லரும் டீயாக் குடிச்சுத் தள்றாங்க. இன்னைக்குக் காலையில ஏஜென்ட் கலீல் பாய் போன் பண்ணி, "அண்ணா, ஓகே மெயில் வந்து நாலு நாளாச்சுங்க. நாளைக்குள்ள பதில் போடலீனா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிருமுங்க"ன்னாரு. "எங்க மாப்பிள்ளை எழுதினது பொய் சொல்லாது, உங்க பையர்தான் புளுகறாரு"ன்னு போனை வெச்சுட்டேன். வெச்ச பொறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் சாமி. இந்த ஆர்டர் போனா கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்.

அதனால மனசுல ஒண்ணும் வெச்சுக்காம, அந்தப் புரோகிராமைக் கழட்டி எடுத்துக்குங்க.

உங்கள் இருவருக்கும் கருவலூர் மாரியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்புசாமி

பி.கு.: கவரை ஒட்டறப்ப அனிதா வந்துருச்சு. "ஏனுங்க, யாரும் திறக்காத மெயிலைத்தானுங்க புரோகிராம் புதுசுன்னு எடுக்கும். இங்க எல்லாமே திறந்து கெடக்குது, யாருங்க திறந்தது?"ன்னு கேட்டுச்சு. நான்தானுங்க. தபால் வந்தாப் பிரிச்சு மேசையில வெக்கறதுதானுங்களே நம்ம கம்பெனிப் பழக்கம்! மூடிக்கெடந்தா அது எப்படிப் படிக்கும்னு, தெனமும் எட்டரைக்கே வந்து, எது புதுசு எது பழசுன்னு தெரியாம ஒவ்வொண்ணா அமுக்கித் திறந்து வெச்சேன். ஓகே மெயில் உள்ளாறயே இருந்துச்சு. அனிதா பதில் போட்டுருச்சு, துணி சாயத்துக்குக் கிளம்பிருச்சு, கலீல் பாய்கிட்ட மன்னிப்பும் கேட்டாச்சு. புரோகிராம் இருக்கட்டுங்க. சித்ரகலாவுக்கு இதைக் காட்டிராதீங்க, விழுந்து விழுந்து சிரிக்கும். கிழிச்சுப் போடலாம்னுதான் பார்த்தேன். ஒன்பது நாளா நான் பயந்ததை யாருகிட்டயாவது சொல்லோணுமல்லங்க, அதனால அனுப்பறேன்.